நடைபிணம் என்றொரு பாட்டு

1993-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், சனிக்கிழமை. இங்கிலாந்தில் மறுநாள் அன்னையர் தினம். லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலுள்ள வாரிங்டன் நகரின் கடைத்தெருவில் மக்கள் கூடியிருந்த வேளையில், குப்பைத் தொட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்த இரு குண்டுகள் வெடித்தன. வைத்தவர்கள் ஐரிஷ் குடியரசுப் படை என்னும் தலைமறைவு இயக்கத்தினர். மூன்று வயதுக் குழந்தை ஒன்று மாண்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஐந்தாம் நாள் உயிர் நீத்தான்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது 'கிரான்பெரீஸ்' என்னும் அயர்லாந்து இசைக்குழு. அதன் பாடகி டொலோரஸ் ஓ ரியோர்டனுக்கு அப்போது வயது இருபத்தொன்று. லிமரிக் நகரையடுத்த சிற்றூரில் பிறந்தவர். மென்மையான காதற் பாட்டுகளால் புகழ் பெறத் தொடங்கியிருந்தவர். இச்செய்தி அவரை உலுக்கியது. ஊர் திரும்பியபின் கிதாரும் கையுமாகத் தனியே அமர்ந்து ஒரு பாட்டு எழுதினார். அதுவே 1994 செப்டம்பரில் தனி இசைத்தட்டாக வெளிவந்த 'ஸோம்பி'.

இவ்விடத்தில், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஓர் இடர்ப்பாடு. ஸோம்பி என்பது ஹைட்டி நாட்டவர் நம்பிக்கையில், மந்திரவாதியின் ஏவலுக்கு எழுந்து நடமாடும் பிணம். நம் 'நடைபிணம்' அருகில் வருகிறது. ஆயினும் நடைபிணத்தை ஏவுவார் எவருமிலர். பாட்டின் பொருளோ அந்த ஏவலில்தான் இருக்கிறது. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் நகரில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஆயுதக் கிளர்ச்சியைப் பாட்டு நினைவூட்டுகிறது. 1921-இல் நாடு பிரிக்கப்பட்டு, வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. 1960-களின் இறுதியில் அங்கு மூண்ட பூசலில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பழைய பகை புதிய தலைமுறையின் தலைக்குள் புகுந்து அதனை நடத்துகிறது என்பதே பாடகியின் குற்றச்சாட்டு.

அவர் இதனைச் சொன்ன இடத்தையும் நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு குண்டு வெடித்தால், அங்கே பிழைக்கச் சென்ற ஐரிஷ் மக்கள் வாய் திறந்து பேசவே தயங்குவர், உச்சரிப்பே காட்டிக்கொடுத்துவிடும். 1974-இல் பர்மிங்ஹாமில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்காகக் குற்றமற்ற அறுவர் பதினாறு ஆண்டுகள் சிறையில் வாடி, 1991-இல்தான் விடுதலை பெற்றனர். ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவர் முகம் மாறுவதை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொன்றவர்கள் தம் பெயரால் கொல்லவில்லை என்று உரத்துக் கூற ஓ ரியோர்டன் துணிந்தார். அதற்கெனவே தம் இசையையும் மாற்றிக்கொண்டார்: மின்கிதார் இரைகிறது, முரசு அதிர்கிறது, குரல் விம்மி உடைகிறது. பெருவணிக இசையினின்று ஒதுங்கி வளர்ந்த 'மாற்று ராக்' என்னும் வகையின் கரடுமுரடு இங்கே தன் வேலையைச் செவ்வனே செய்தது. பாட்டு ஜெர்மனி, பிரான்சு, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

மறுப்புரைத்தோரும் உண்டு. அச்சிறுவன் இறந்த அதே மார்ச்சு 25-ஆம் நாள், வட அயர்லாந்தின் காசில்ராக்கில் வேலைக்கு வந்த நால்வரை எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றனர். அவர்களுக்கு யார் பாடினார்கள் என்பது வடபகுதியினர் சிலரின் கேள்வி. அது நியாயமான கேள்வியே. ஆயினும், தன் இனத்தான் செய்த பிழையைத் தானே சுட்டுவது, அயலான் பிழையைச் சுட்டுவதினும் அரியது என்பது என் கருத்து.

பாட்டு வெளிவருவதற்குச் சற்று முன், 1994 ஆகஸ்டு 31-ஆம் நாள், அவ்வியக்கம் போர்நிறுத்தம் அறிவித்தது. இடையில் அது முறிந்து, 1998-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஓ ரியோர்டன் 2018 ஜனவரியில், நாற்பத்தாறாம் வயதில், லண்டனில் காலமானார்.

2023 செப்டம்பரில் பாரிஸ் நகரையடுத்து நடந்த உலகக் கோப்பை ரக்பிப் பந்தயத்தில் அயர்லாந்து தென்னாப்பிரிக்காவை வென்றது. அயர்லாந்தின் இரு பகுதியினரும் சேர்ந்து ஆடும் அணி அது. ஆட்டம் முடிந்ததும் அரங்கில் இப்பாட்டு ஒலிக்க, அயர்லாந்திலிருந்து வந்திருந்த பெருங்கூட்டம் ஒரே குரலில் பாடிற்று. பழைய கேள்வி மறுபடி எழுந்தது. அன்று பாடியோரில் பலர் 1993-இல் பிறந்திருக்கவும் மாட்டார்கள்.