ஜோர்டான் உடன்பாடு

சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வரை வேலைவாய்ப்பு அளிப்பதாக ஜோர்டான் அரசு 2016 பிப்ரவரியில் லண்டன் மாநாட்டில் ஏற்ற ஏற்பாடு. கைம்மாறாக மானியமும் உலக வங்கியின் சலுகைக் கடனும் ஐரோப்பியச் சந்தையில் வரிச்சலுகையும் உறுதியளிக்கப்பட்டன. நிவாரணத்தை நம்பியே வாழ்ந்த அகதிகளை, தஞ்சமளித்த நாட்டின் வளர்ச்சித் திட்டத்துக்குள் கொண்டுவர முயன்ற முன்னோடி முயற்சி இது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் ஜோர்டான் சேரவில்லை. அதனால் வேலை செய்யும் உரிமை அகதிகளுக்குத் தானாகக் கிடைக்கவில்லை; பலர் அனுமதியின்றி, பிடிபடும் அச்சத்தோடு, குறைந்த கூலிக்கு உழைத்துவந்தனர். அவர்களுக்கு உடன்பாட்டின்படி வேலை உரிமக் கட்டணம் தள்ளுபடியானது பெரிய ஆறுதல்.

ஆனால் கதவு பாதிதான் திறந்தது. வயல், கட்டுமானம், தொழிற்சாலை வேலைகளுக்கு உரிமம் கிடைத்தது. மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி, வாகனம் ஓட்டுதல், முடிதிருத்துதல் போன்றவை உள்நாட்டவருக்கென மூடப்பட்டிருந்தன. சிரியாவில் மருத்துவராக இருந்தவரும் தக்காளி பறிக்கத்தான் அனுமதி பெற முடிந்தது. ஐரோப்பியச் சலுகையும் முதலில் 18 தொழில் மண்டலங்களுக்கு மட்டுமே. அதைப் பெற ஆலைகள் தம் பணியாளரில் 15 விழுக்காடு சிரியரை அமர்த்த வேண்டியிருந்தது. மண்டலங்களோ குடியிருப்புகளிலிருந்து தொலைவு. பேருந்துச் செலவையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததையும் கணக்குப் பார்த்த தாய்மார் ஆலைப் பக்கம் போகவில்லை. தொடக்க ஆண்டுகளில் உரிமம் பெற்றவர்களில் பெண்கள் மிகச் சிலரே. வீட்டிலிருந்தபடி உணவு தயாரிக்கவும் துணி தைக்கவும் சிரியருக்கு 2018இல்தான் முறையான வழி பிறந்தது. திட்டம் தீட்டும்போதே இந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் இவ்வளவு காலம் வீணாகியிருக்காது.

இதைவிடக் கொடியது நாட்டினத்தை வைத்துப் போட்ட கோடு. உடன்பாடு சிரியருக்கு மட்டுமானது. அதே தலைநகர் அம்மானில் அதே வாடகை கொடுத்து வாழ்ந்த ஈராக்கியர், ஏமனியர், சூடானியர், சோமாலியர் இதில் இடம்பெறவில்லை. நன்கொடையாளர் பணம் 'சிரிய நெருக்கடி' என்ற தலைப்பில் வந்ததே இதற்கு முதன்மைக் காரணம். லண்டன் மாநாட்டுக்கு இரண்டே மாதம் முன்பு, 2015 டிசம்பரில், ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகத்தின் முன் உதவி கேட்டு அமர்ந்திருந்த சூடானியர் அப்புறப்படுத்தப்பட்டனர். சுமார் 800 பேர் நாடு கடத்தப்பட்டனர். 2019 ஜனவரியில், மருத்துவம், படிப்பு, சுற்றுலா, வேலை ஆகியவற்றுக்கான விசாவில் வந்தோரை அகதிகளாகப் பதிவுசெய்வதை நிறுத்துமாறு ஆணையத்துக்கு அரசு உத்தரவிட்டது. புதிதாக வந்த ஏமனியர் பலருக்கு அத்துடன் பதிவே இல்லாமல் போயிற்று.