கலங்கிய பிளாஸ்மா தெளிந்தபோது

டெங்கு பரவும் மாதங்களில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி, இறங்கினால் பதற்றம். அந்த எண்ணுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் பெரிய திருப்பம் எண்ணிக்கையால் வரவில்லை. தட்டணு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளியால் அளக்கத் தொடங்கியபோதுதான் அது வந்தது.

இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சொசெரோ 1882இல் ரத்தக்குழாயில் ஓடும் தட்டணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, குழாய் காயம்பட்ட இடத்தில் அவை ஒட்டிக் குவிவதையும் விவரித்தார். பார்ப்பதைவிட எண்ணுவது கடினமாக இருந்தது. இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ள தட்டணுக்கள் கண்ணாடியில் ஒட்டும். ரத்தம் எடுத்தவுடன் கட்டியாகும். பிரெச்சர், கிரான்கைட் என்ற இரு அமெரிக்கர்கள் 1950இல் அம்மோனியம் ஆக்ஸலேட்டால் சிவப்பணுக்களைச் சிதைத்து, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் தட்டணுக்களை எண்ணும் முறையை வகுத்த பிறகே கணக்கு நம்பகமானது. அப்போதும் ஒரு புதிர் அப்படியே கிடந்தது. சுவிஸ் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மான் 1918இலேயே ஒரு பரம்பரை நோயை விவரித்திருந்தார்: தட்டணுக்கள் வேண்டிய அளவு இருந்தும் ரத்தப்போக்கு நிற்காது. எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் இந்த நோயைப் புரிந்துகொள்ள அது உதவாது.

விடைக்கான வழியைக் காட்டியவர் லண்டனில் பணியாற்றிய குஸ்டாவ் பார்ன். இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன். போருக்குப் பின் ராணுவ மருத்துவராக ஹிரோஷிமா சென்ற குஸ்டாவ், கதிர்வீச்சால் தட்டணுக்களை இழந்து ரத்தம் கசிந்து கிடந்த மக்களைக் கண்டார், அதிலிருந்தே தட்டணுக்கள் மீது அக்கறை பிறந்ததாகப் பின்னாளில் சொன்னார். நார்வே ஆய்வாளர்கள் 1961இல் ஏடிபி (ADP) என்ற சிறு மூலக்கூறு தட்டணுக்களை ஒட்டவைப்பதைக் கண்டறிந்தனர். மறு ஆண்டு பார்ன் அதை அளக்கும் எளிய வழியை வெளியிட்டார். சிட்ரேட் கலந்த ரத்தத்தை மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, தட்டணு நிறைந்த கலங்கலான பிளாஸ்மா மேலே நிற்கும். அதை உடற்சூட்டில் கலக்கிக்கொண்டே ஊடாக ஒளியைச் செலுத்த வேண்டும். தனித்தனியாக மிதக்கும் தட்டணுக்கள் ஒளியைச் சிதறடித்து மறிக்கும். ஏடிபி சேர்த்ததும் அவை திரளும். பால் திரிந்தால் இடையில் தெளிநீர் தெரிவதுபோல் பிளாஸ்மா தெளிந்து, கூடுதல் ஒளி மறுபக்கம் சேரும். நொடிக்கு நொடி அது ஒரு வளைகோடாகப் பதிவாகும். போர்ட்ஸ்மத்தில் ஜான் ஓப்ரையனும் அதே ஆண்டில் தனியாக இதே முறைக்கு வந்து சேர்ந்தார். பெருமை இருவருக்கும் உரியது.

அந்த வளைகோட்டில் எண்ணிக்கை காட்டாத பல செய்திகள் இருந்தன. தகுந்த அளவு ஏடிபி சேர்த்தால் திரளல் இரண்டு அலைகளாக எழுந்தது. இரண்டாவது அலை, தட்டணுக்கள் தாமே வெளியிடும் பொருள்களால் வருவது. 1960களின் பிற்பகுதியில் ஆஸ்பிரின் அந்த இரண்டாவது அலையைத் தடுப்பதைப் பல ஆய்வகங்கள் கண்டன. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று கலிபோர்னியா மருத்துவர் லாரன்ஸ் கிரேவன் இதற்கு முன்பே எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார், ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தும் பார்த்தார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழுவும் இல்லை, மருந்து எங்கே வேலை செய்கிறது என்ற விளக்கமும் இல்லை. மருத்துவ உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆய்வகச் சான்று கிடைத்த பிறகே பெரிய சோதனைகளுக்குத் துணிவு வந்தது. 17,187 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வு 1988இல் வெளியானது. ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்திருந்தன.

ஒளியால் அளக்கும் இந்த முறை செயற்கையானது என்பது வலுவான மறுப்பு. சோதனைக் குழாயில் சிவப்பணு இல்லை, ரத்தக்குழாயின் சுவர் இல்லை, ஓட்டத்தின் விசையும் உடலில் உள்ளதுபோல் இல்லை. உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் விலக்கி ஒரே ஒரு தூண்டலை மட்டும் சேர்த்ததால்தான் காரணத்தைத் தனியே பிரித்தறிய முடிந்தது. மறுப்பு வெல்லும் இடம் வேறு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தட்டணுவின் செயலை ஒளியால் சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த கிராவிடாஸ் (2011), ஆர்க்டிக் (2012) ஆய்வுகள் பலன் காட்டவில்லை. மருந்து செயல்படும் விதத்தை விளக்க இந்த அளவீடு போதும். ஒரு தனி மனிதருக்கு மாரடைப்பு வருமா என்று முன்கூட்டிச் சொல்ல அது போதாது. இந்த எல்லையை ஒப்புக்கொள்வதே நேர்மை.

கிளான்ஸ்மான் நோய்க்கோ இந்த அளவீடு இன்றும் பெருந்துணை. ஏடிபி, கொலாஜன், அட்ரினலின் எதைச் சேர்த்தாலும் கோடு எழாது. ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் அசையும். பக்கவிளைவாகத் தட்டணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்ட ஆன்டிபயாட்டிக் அது. 1971 முதல் சோதனைப் பொருளாயிற்று. சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள தென்னிந்தியாவில் இந்த அரிய நோய் சற்று அதிகம் தென்படுகிறது. வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகள் இதைக் கண்டறிகின்றன. தடை நேரம்தான்: ரத்தம் எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும். அதனால் ரத்த மாதிரியைப் பார்சலில் அனுப்ப இயலாது, நோயாளியே ஆய்வகத்துக்கு வர வேண்டும். லேசர் ஒளியில் தட்டணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அவற்றின் மேலுள்ள பிணைப்புப் புரதத்தைக் கணக்கிடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இந்தப் பழைய முறையை ஓரங்கட்டிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் அந்தப் புரதம் குறைந்தோ அற்றோ இருப்பதால் அங்கே கணக்கே போதும். ஆனால் சிலருக்குப் புரதம் ஏறத்தாழ வேண்டிய அளவு இருந்தும் பிணைக்காது. அவர்களிடம் குறையைக் காட்டுவது, ஏடிபி விட்ட பிறகும் தெளியாமல் நிற்கும் அந்தக் கலங்கல்.