தஞ்சைக் கடற்கரைப் படகுகளில் எச்சரிக்கைக் கருவிகள்

கடலுக்குச் செல்லும் சிறு படகில் எந்திரக் கோளாற்றையும் வானிலை ஆபத்தையும் முன்கூட்டி அறிவிக்கும் மானிகள், மணிகள், வானொலிகள் ஆகியவை எச்சரிக்கைக் கருவிகள் எனப்படும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரையில் இவை வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தஞ்சாவூர் என்றவுடன் நெல்லும் வாய்க்காலுமே நினைவுக்கு வரும். ஆனால் 1991 வரை கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு முதல் கோடிக்கரை வரையிலும், அங்கிருந்து மேற்கே திரும்பி மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் வரையிலும் கடற்கரை பெரும்பாலும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருந்தது. இதன் பெரும்பகுதி இன்று மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் உள்ளது. பாக் நீரிணையை ஒட்டிய தெற்குப் பகுதி மட்டும் தஞ்சாவூருடன் நின்றது.

கூண்டு

இக்கரையின் முதல் எச்சரிக்கைக் கருவி படகில் இல்லை, கரையில் நட்ட கம்பத்தில் இருந்தது. அதுவே புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிய பிறகு, அடுத்த ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. இந்திய வானிலைத் துறை 1875-இல் அமைந்தது. இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கைச் சின்னங்கள் 1898 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும்.

எண்களுக்குப் பொருள் உண்டு. 1, 2 ஆகியவை தொலைவில் உருவாகியிருக்கும் காற்றழுத்தத்தையும் புயலையும் குறிக்கும். 3, 4 உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 ஆபத்தையும், 8, 9, 10 பெரும் ஆபத்தையும் சொல்லும். செய்தித்தாள் படிப்பவர்கள் பத்தாம் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். பதினோராம் எண்ணும் இருக்கிறது. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக்கி வைத்தார்கள். அந்தக் காலத்தில் புயல் செய்தி தந்திக் கம்பி வழியாகத்தான் வந்தது. புயலில் முதலில் விழுவதும் அந்தக் கம்பிதான். கம்பி அறுந்ததால் உண்டாகும் அமைதியை நல்ல வானிலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்கே அந்தப் பதினோராம் எண். இந்த ஏற்பாடு, பின்னால் படகுக்குள் வந்த கருவிகள் பலவற்றில் இல்லை.

கூண்டுக்கு ஒரு குறை உண்டு. கரையில் நிற்பவருக்குத்தான் அது தெரியும். நேற்றே கடலுக்குப் போனவருக்கு அதனால் பயனில்லை. 1952 நவம்பர் 30-இலும் 1977 நவம்பர் 12-இலும் நாகப்பட்டினம் கரையைப் புயல்கள் தாக்கியபோதும் இந்த இடைவெளி அப்படியே இருந்தது.

எந்திரத்துக்கு முன்

கட்டுமரத்தில் பழுதாகும் எந்திரம் எதுவும் இல்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலம் நீர் நிறைந்து மூழ்குவதும் இல்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் திசை மாறுவதைக் கொண்டு மீனவர்கள் நாளைக் கணித்தனர். கரைக்குத் திரும்பும்போது கண்ணுக்கு அடையாளங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்த நாகூர்ப் பெரிய மினாரா 131 அடி உயரம் கொண்டது. வேளாங்கண்ணிக் கோபுரமும் கோடிக்கரைக் கலங்கரை விளக்கமும் அத்தகையவையே. இந்த அறிவை எளிதாக நினைக்கக் கூடாது. எனினும் அது துடுப்பும் பாயும் எட்டும் தொலைவுக்கான அறிவு.

எந்திரம் வந்த வழி

படகின் பின்புறப் பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய வெளிப்பொருத்து எந்திரத்தை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், 1909-இல் மில்வாக்கி நகரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்திய மீன்பிடித் தொழிலில் எந்திரத்தைப் புகுத்திய முதல் பெரும் திட்டமும் நார்வேயுடன் சேர்ந்ததே. 1952-இல் கையெழுத்தான இந்தோ-நார்வே ஒப்பந்தப்படி கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரைப் பகுதியில் அது தொடங்கியது. அதற்கடுத்த காலத்தில் தமிழகத் துறைமுகங்களிலும் உள்ளே டீசல் எந்திரம் பொருத்திய விசைப்படகுகள் பெருகின.

சிறு படகுகளின் கதை வேறு. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில் அலையைத் தாண்டி இறங்கவும் ஏறவும் கூடிய படகுகளை அத்திட்டத்தினர் சோதித்தனர். கரையை நெருங்கும்போது சுழலியையும் அதன் தண்டையும் மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு அவற்றில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அக்கரையிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் ஜப்பானிய வெளிப்பொருத்து எந்திரங்கள் பரவின. பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவற்றின் வழக்கம்.

காவிரிக் கழிமுகக் கரையின் பெரும் மாற்றம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று எந்தக் கம்பத்திலும் எந்தக் கூண்டும் ஏறவில்லை. ஆழிப்பேரலைக்கென்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை முறையே அப்போது இல்லை. நிவாரணமாக வந்த படகுகளில் கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. மீனவர்கள் சொல்லும் ‘பைபர் போட்’ இதுதான். கட்டுமரங்களின் இடத்தை இவை சில ஆண்டுகளிலேயே பிடித்துக்கொண்டன. இவற்றில் பெரும்பாலும் நீண்ட தண்டுள்ள டீசல் எந்திரம் பொருத்தப்பட்டது. தாய்லாந்துக் கால்வாய்களில் பரவலான முறை அது. காற்றால் குளிர்வது, கையால் கிளப்புவது, பேட்டரி தேவையில்லாதது. ஆகவே மானியும் இல்லை, மணியும் இல்லை. வண்டிக் கொட்டகைப் பம்புசெட்டைப் போல, ஓசையும் புகையின் நிறமும்தான் அதன் அறிவிப்புகள்.

மானிகள் சொல்வது

பேட்டரியும் சாவியும் உள்ள வெளிப்பொருத்து எந்திரத்தில் நிலைமை மாறுகிறது. இது கடல்நீரையே உறிஞ்சிக் குளிர்ச்சி பெறுகிறது. கீழ்ப்பகுதியில் உள்ள ரப்பர் இறக்கைச் சக்கரம் நீரை மேலே தள்ளும். அதில் ஒரு பங்கு பின்புறம் மெல்லிய தாரையாக வெளியே விழும். அந்தத் தாரை நின்றால் எந்திரம் சூடேறுகிறது என்று பொருள். கம்பி எதுவும் தேவைப்படாத எச்சரிக்கை இது. காவிரியின் கிளையாறுகள் கலக்கும் முகத்துவாரங்களிலும் முத்துப்பேட்டைக் காயலிலும் நீர் மணலும் சேறுமாக இருக்கும். அந்த மணல் ரப்பர் இறக்கைகளைத் தேய்க்கிறது, பிளாஸ்டிக் பை நீர்வழியை அடைக்கிறது. தண்ணீர் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே இறக்கை கருகிவிடும்.

இருட்டிலும் வலை இழுக்கும் வேலையிலும் தாரையை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சிலிண்டர் தலையில் ஒரு வெப்பச் சுவிட்சு வைக்கப்படுகிறது. குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் அது மூடிக்கொண்டு, எச்சரிக்கை மணியின் கம்பியை எர்த்துடன் இணைக்கும். சாவியிலிருந்து மணிக்கு மின்சாரம் ஏற்கெனவே வந்து காத்திருக்கும். சுற்று முழுமையானதும் மணி ஒலிக்கும். எண்ணெய் குறைந்தால் ஒலிப்பதும் இதே முறையில்தான்.

இங்கேதான் பதினோராம் எண் நினைவுக்கு வர வேண்டும். வெப்பச் சுவிட்சிலிருந்து வரும் கம்பி அறுந்திருந்தால் மணி ஒலிக்காது. எந்திரம் நலமாக இருந்தாலும் ஒலிக்காது. இரண்டு அமைதிக்கும் வேறுபாடு இல்லை. சில எந்திரங்களில் சாவியைத் திருப்பியதும் மணி ஒருமுறை ஒலித்து அடங்கும். அது மணி வேலை செய்கிறது என்பதற்கான சோதனை. அந்தச் சிறு ஒலியைக் கேட்காமல் கிளம்புவது கூண்டுக் கம்பத்தைப் பார்க்காமல் கிளம்புவதற்குச் சமம். அந்த ஒலியும்கூட மணியும் மின்சாரமும் சரி என்பதைத்தான் சொல்லும், சிலிண்டர் தலைவரை கம்பி சரியாக உள்ளது என்று சொல்லாது. அந்தக் கம்பியைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எரிபொருள் மானியைப் புரிந்துகொள்ளக் கழிமுகத்தாருக்கு மேட்டூர் அணையே போதும். அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடியில் பாதி நீர் இருப்பதில்லை, அதற்கு வெகு குறைவாகவே இருக்கும். அணையின் அடிப்பகுதி குறுகலானது என்பதே காரணம். படகின் அடியில் சரிவாக அமைந்த தொட்டியும் அப்படியே. மிதவை மட்டத்தைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. முள் பாதியில் நிற்கும்போது பாதி எண்ணெய் இருக்கிறது என்று நம்பிச் சென்றவர் திரும்பும் வழியில் ஏமாறுவார். மின்தடை அளவிலும் இருவகை வழக்கு உண்டு. அமெரிக்க முறையில் தொட்டி காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் மிதவையை மற்றதன் மானியுடன் இணைத்தால், காலித் தொட்டியை மானி நிறைந்ததாகக் காட்டும்.

கம்பி நிறங்களிலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. அமெரிக்கப் படகு வழக்கில் இளஞ்சிவப்புக் கம்பி எரிபொருள் மானிக்குரியது. யமஹா எந்திரங்களில் அதே நிறம் வெப்ப எச்சரிக்கைக்குரியது. நிறத்தை மட்டும் பார்த்து இணைப்பவர் மணியையே இழந்துவிடலாம்.

கம்பியும் களிம்பும்

படகு மின்சுற்றின் பெரும் பகை உப்புக் காற்று. செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். 12 வோல்ட் சுற்றில் ஒரு வோல்ட் இழப்பே பெரிது. மானி தவறாகக் காட்டும், வானொலி பேசும்போது அணையும். இதைத் தடுக்க, வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரங்களில் புளி பட்டுக் களிம்பேறாமல் இருக்க ஈயம் பூசுகிறார்களே, அதே உலோகம், ஏறக்குறைய அதே காரணம். வீட்டு வயரிங்கில் மீந்த கம்பியைப் படகில் ஓட்டுவது முதலில் மலிவாகத் தெரியும். ஆனால் உறைக்குள்ளேயே களிம்பு ஊர்ந்து செல்லும், வெளியிலிருந்து பார்த்தால் கம்பி புதிதாகவே இருக்கும்.

கம்பியின் தடிமனைக் கணக்கிடும்போது போகும் நீளத்துடன் திரும்பும் நீளத்தையும் கூட்ட வேண்டும். பியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். விசைப்படகுகளில் இந்த வேலைகள் பெரும்பாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கின்றன. மேட்டூரில் நீர் திறப்பதற்காக வாய்க்கால் தூர்வாரும் காலமும் அதுவே.

கரையிலிருந்து படகுக்கு

பைபர் படகுக்குள் பேட்டரியைக் கொண்டுவந்தது எந்திரம் அன்று, விளக்கும் ஜி.பி.எஸ். கருவியும் வி.எச்.எப். வானொலியுமே. கோடிக்கரைக்கு எதிரே இலங்கை அருகில் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லை அலையின் மேல் தெரிவதில்லை. எந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கமும் தள்ளலாம். அதனால் இங்கே ஒரு ரப்பர் இறக்கை தேய்வதுகூடப் பிடிபடுவதிலும் சிறையிலும் முடியக்கூடும்.

ஆழிப்பேரலைக்குப் பின், ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது, கைப்பேசி அலைக்கு அப்பால் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. அதன்பின் 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் செய்தியைப் பெற்று மீனவரின் கைப்பேசியில் காட்டும் அது, பதில் அனுப்பாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. படகுகள் கரையில் இருந்தன, கரையிலேயே நொறுங்கின. இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை நாடெங்கும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆபத்தில் அழுத்தும் பொத்தான் அதில் உண்டு.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் காலங்களில் கூண்டு இன்றும் ஏற்றப்படுகிறது.