ஆபரேஷனுக்கு முந்தைய செலவு

தங்கை மலக்குடல் புற்றுநோயால் 1923-ல் இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. வசதியுள்ளவரிடம் கட்டணம், இல்லாதவருக்கு இலவசம் என்பது அதன் வழக்கமானது. பலரும் கதையை இந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். ஆனால் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் ஏழைக்கு ஆபரேஷன் அதற்கு முன்பே இலவசம்தான். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கென்று பர்னார்ட் நிலையமும் 1934 முதல் அங்கே இருந்தது. அப்படியிருந்தும் புதிய மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றித்தான் வந்தார்கள். ஆகவே மருத்துவமனை போடும் கட்டணத்தை மட்டும் பார்த்தால் பணத்தின் வேலை புரியாது. பணம் முதலில் பறிப்பது காலத்தை. காலம் போனபின் ஆபரேஷனும் கைவிட்டுப்போகிறது.

இதில் உவமை ஏதும் இல்லை, மருத்துவ நடைமுறையே அப்படித்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டால் அறுத்து அகற்றிவிடலாம். சுற்றியுள்ள திசுக்களில் பரவிவிட்டால் அறுவை நிபுணர் ஒதுங்கிக்கொள்ள, பெரும்பாலும் கதிர்வீச்சும் மருந்தும்தான் மிஞ்சும். கன்னத்தின் உள்ளே இருக்கும் சிறு புண்ணை வெட்டியெடுத்துத் தையல் போடலாம். அதையே ஓராண்டு விட்டால் தாடை எலும்பை எடுத்து, உடம்பின் வேறு இடத்துச் சதையைக் கொண்டுவந்து மூடவேண்டியிருக்கும். செலவும் பல மடங்காகும். வலிக்காத கட்டிக்காக யார் ஒரு நாள் கூலியை விடுவார்கள்? களை எடுக்கும் பருவத்தில் நிச்சயம் விடமாட்டார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பணமல்ல, அறியாமையும் ‘கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்ற பயமும்தான் என்று மறுப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் உண்மையானது, இன்றும் ஓயவில்லை. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வைப் பாருங்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அதே அமிலம், தடவிப் பயிற்சி பெற்ற நர்சுகள் வெறும் கண்ணால் சோதித்தார்கள். சந்தேகமான இடத்தை அங்கேயே உறையவைத்து அழிக்கவும் வழி செய்திருந்தார்கள். பஸ் ஏறி நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்த நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. அதே சமயம், அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இலவசச் சோதனைக்கே வரவில்லை. அந்த அளவுக்கு மறுப்பாளர்கள் சொல்வது சரி. மற்றவர்கள் வந்ததற்குத் தூரமும் செலவும் குறைந்தது காரணமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

காப்பீடு வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பது இன்னொரு வாதம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்றுள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தனியார் மருத்துவமனைக் கதவையும் ஏழைக்குத் திறந்த இதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் காப்பீட்டு அட்டை பயன்படுவது பெரும்பாலும் நோய் உறுதியாகி, படுக்கையில் சேரும்போதுதான். கட்டியைத் தடவிப் பார்த்த நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவே உள்ளூர் வைத்தியம், ஸ்கேன், அலைச்சல், அடகு எல்லாம் வந்துவிடும். புற்றுநோய் அறுவை பற்றி 2015-ல் லான்செட் ஆணையம் தந்த மதிப்பீட்டில், ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்வோரில் மூன்றில் ஒருவர் குடும்பமே மூழ்கும் அளவுக்குச் செலவில் சிக்குகிறார். இன்னும் கால்வாசிப் பேர் கட்டுப்படியாகாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை ரயில்வே ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை; துணைக்குப் போகிறவர் நூற்றுக்கு 25 கட்டவேண்டும். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் வாரங்களில் அந்தத் துணையாள் இழக்கும் கூலியைத்தான் யாரும் ஈடுகட்டுவதில்லை.