2 வயதுத் தம்பி, 9 வயது அக்கா: டிஸ்னிலேண்ட் பயணம் இருவருக்கும் ஒத்துவருமா?

"ஆண்டிறுதி விடுமுறைக்கு எங்க போறோம்?"

வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கியதும் தொடக்கநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமிருந்து உடனே வரும் பதில்களில் ஒன்று: "டிஸ்னிலேண்ட்!"

9 வயதுப் பிள்ளைக்கு அது கனவு. ஆனால் 2 வயதுக் குழந்தைக்கு? 15 மணி நேர விமானப் பயணம், தலைகீழாகும் தூக்கம், உயரம் போதாததால் ஏற முடியாத ரைட்கள்.

செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அவ்வளவு பணம் போட்டுப் போய், ஒரு பிள்ளை அழுவதையும் இன்னொரு பிள்ளை முகம் தொங்கிப்போவதையும் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்டுக்குப் போவதை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவா, ஃபுளோரிடாவா?

அமெரிக்காவில் 2 இடங்களில் டிஸ்னி பூங்காக்கள் உள்ளன.

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இருப்பது 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட். அதன் எதிரிலேயே 2001இல் திறக்கப்பட்ட இரண்டாவது பூங்கா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். சுற்றியுள்ள பல ஹோட்டல்களும் நடக்கும் தூரம்தான்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருப்பது 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வோர்ல்ட். 4 பெரிய பூங்காக்கள். மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போக பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானமும் இல்லை.

நடுப்பகலில் தூங்கும் குழந்தை இருந்தால் அனஹைம் வசதி. ஹோட்டலுக்குப் போய்த் தூங்கவைத்துவிட்டு, அதே நாளில் மீண்டும் பூங்காவுக்குள் வரலாம்.

வயதைப் பொறுத்து செலவு எப்படி மாறும்?

3 பிறந்தநாள்களைக் கவனிக்க வேண்டும்.

- 2 வயது: அதற்குக் குறைந்த குழந்தைகள் பெற்றோரின் மடியில் பயணம் செய்யலாம், கட்டணம் மிகக் குறைவு. 2 வயது ஆகிவிட்டால் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பயணத்தின் நடுவே 2 வயது ஆனால் திரும்பும் விமானத்துக்கு இருக்கை வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

- 3 வயது: அதற்குக் குறைந்தவர்களுக்கு டிஸ்னி பூங்காவில் நுழைவுச்சீட்டு வேண்டாம். 3 முதல் 9 வயதுவரை சிறுவர் கட்டணம்.

- 10 வயது: பூங்காவைப் பொறுத்தவரை 10 வயதுப் பிள்ளை பெரியவர். முழுக் கட்டணம்.

ஆக, சின்னவருக்கு 3 வயது ஆகும் முன்னரும் பெரியவருக்கு 10 வயது ஆகும் முன்னரும் போனால் நுழைவுச்சீட்டுச் செலவு குறையும். ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 3 வயதுக்கு முந்திய நினைவுகள் நிலைப்பதில்லை. சின்னவர் இந்தப் பயணத்தைப் பின்னாளில் படத்தில்தான் பார்ப்பார். பெரியவர் நினைவில் வைத்திருப்பார்.

அப்படியானால் இந்தப் பயணம் யாருக்காக? இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற முடிவுகள் எளிது.

எப்போது போனால் நல்லது?

ஜூன் மாதம் நமக்குப் பள்ளி விடுமுறை. அமெரிக்காவிலும் கோடை விடுமுறை தொடங்கிவிடும். கூட்டம் அதிகம்.

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அந்த வாரம் முழுக்கக் கூட்டம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஆண்டிலேயே ஆகப் பரபரப்பான நாள்களில் சில.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்கள், அதாவது டிசம்பர் முதல் 2 வாரங்கள், ஒப்புநோக்கக் கூட்டம் குறைந்தவை. அதிலும் வார நாள்கள் இன்னும் நல்லது. அப்போது நம் பிள்ளைகளுக்கு விடுமுறை. அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருக்கும்.

பகலில் சுமார் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும். இரவில் 10 டிகிரி வரை இறங்கலாம். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அது குளிர். தடித்த மேல்சட்டை கட்டாயம்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

குழந்தை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுப்பயணத்துக்கு விசா எடுக்க வேண்டாம். ஆனால் எஸ்டா எனப்படும் இணைய அனுமதி தேவை. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று கட்டணம் ஆளுக்கு 40 அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது. அதிகாரபூர்வக் கட்டணத்தைவிட அதிகம் கேட்கும் இடைத்தரகர் இணையத்தளங்கள் நிறைய உள்ளன. அமெரிக்க அரசாங்கத்தின் தளத்தில்தான் இருக்கிறோமா என்று முகவரியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் யாராவது மலேசிய அல்லது இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியா? அவருக்கு விசா வேண்டும். நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகலாம். விமானச்சீட்டு வாங்கும் முன்னரே இதைப் பார்த்துவிடுவது நல்லது. பாட்டியும் தாத்தாவும் கூட வருவதாக இருந்தால் அவர்களின் கடப்பிதழையும் எடுத்துப் பாருங்கள்.

தடுப்பூசி ஏன் முக்கியம்?

2014 டிசம்பரில் இதே டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைத் தொற்று, மறு ஆண்டு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் வந்து கூடும் இடம் அது. தட்டம்மையோ காற்றில் மிக வேகமாகப் பரவும் நோய்.

சிங்கப்பூரில் எம்எம்ஆர் தடுப்பூசியின் முதல் தவணை 12 மாதத்தில் போடப்படுகிறது. இரண்டாம் தவணை 15 முதல் 18 மாதத்துக்குள். 2 வயதுக் குழந்தைக்கு இரண்டும் முடிந்திருக்க வேண்டும். சுகாதாரக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தையா? 6 முதல் 11 மாதக் குழந்தைகள் வெளிநாடு போகும்போது முன்கூட்டியே ஒரு தவணை போடுவதை அமெரிக்கச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. உங்கள் குழந்தைக்கு அது தேவையா என்று பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ கேளுங்கள்.

பயணக் காப்புறுதியில் மருத்துவச் செலவுக்கான தொகையையும் பாருங்கள். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணம் சிங்கப்பூரைவிடப் பல மடங்கு ஆகலாம்.

15 மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

சாங்கியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடி விமானத்தில் சுமார் 15 மணி நேரம். திரும்பும்போது எதிர்க்காற்று, சுமார் 17 மணி நேரம்.

தொட்டில் வசதிக்கு எடை வரம்பு உண்டு, இருக்கையும் குறைவு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நன்றாக வளர்ந்த ஒன்றரை வயதுக் குழந்தையை 15 மணி நேரம் மடியில் வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை. வசதி இருந்தால் இருக்கை வாங்குவது பெற்றோரின் முதுகுக்கு நல்லது.

விமானம் இறங்கும்போது காதடைப்பு வரும். அப்போது பால் குடிக்கவைத்தால், அல்லது எதையாவது சப்பவைத்தால் வலி குறையும். பெரிய பிள்ளைக்கு மிட்டாய் போதும்.

தாய்ப்பால், பால்மாவு கலந்த பால், குழந்தை உணவு ஆகியவற்றுக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு இல்லை; பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனையின்போது தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

"தூங்கவைக்க மருந்து கொடுத்துடலாமா?" வேண்டாம். சளி, அரிப்பு மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்கவைப்பதற்குப் பதிலாக இன்னும் துள்ளவைக்கும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

இறங்கிய மறுநாளே பூங்காவுக்குப் போகலாமா?

வேண்டாம். காரணம் இதுதான். டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நேரம் நம்மைவிட 16 மணி நேரம் பின்னால். அங்கே காலை 10 மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது பின்னிரவு 2 மணி. அங்கே பின்னிரவு 2 மணி என்றால் உடம்புக்கு மாலை 6 மணி, விளையாடும் நேரம்.

முதல் 2 நாளுக்கு நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள். பகலில் வெளிச்சத்தில் நடங்கள், கடற்கரைக்குப் போங்கள். அந்த ஊர் நேரப்படி சாப்பிடுங்கள். பகல் தூக்கத்தை 2 மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்கச் சிவராத்திரிதான்.

இன்னொன்று: விமான நிலையத்திலிருந்து அனஹைமுக்குச் சுமார் 55 கிலோமீட்டர். கலிஃபோர்னியா சட்டப்படி 8 வயதுக்குக் குறைந்த, 145 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாத பிள்ளைகள் காரின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கையிலோ உயர்த்தும் இருக்கையிலோதான் அமர வேண்டும். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, பின்பக்கம் பார்த்த இருக்கை. சிங்கப்பூரில் டாக்சிக்கு விலக்கு இருப்பதால் நமக்கு இது பழக்கமில்லை. ஊபர் அழைக்கும் முன் இருக்கைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

யார் எதில் ஏறலாம்?

இங்கேதான் அக்காவுக்கும் தம்பிக்கும் வழி பிரிகிறது. டிஸ்னி ரைட்களில் வயதைவிட உயரம்தான் கணக்கு.

- உயர வரம்பு இல்லாதவை: டம்போ, பீட்டர் பேன், இட்ஸ் எ ஸ்மால் வோர்ல்ட், ராட்டினம், ரயில்
- 97 செ.மீ.: மில்லேனியம் ஃபால்கன்
- 102 செ.மீ.: ஸ்பேஸ் மவுண்டன், பிக் தண்டர் மவுண்டன், ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ்
- 107 செ.மீ.: மேட்டர்ஹார்ன்
- 117 செ.மீ.: இண்டியானா ஜோன்ஸ்
- 122 செ.மீ.: இன்கிரெடிகோஸ்டர்

நுழைவாயிலில் அளந்து பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. வீட்டுச் சுவரிலேயே அளந்து, எதில் ஏற முடியும், எதில் முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஏமாற்றம் வீட்டிலேயே முடிந்துவிடும். பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைட்களைப் பூங்காவின் செயலியில் பார்க்கலாம்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நிற்க வேண்டுமே, அவருக்கு ரைட் கிடையாதா? உண்டு. 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். முதலில் அப்பாவும் அக்காவும் வரிசையில் நின்று ஏறுவார்கள். அம்மா தம்பியுடன் வெளியே இருப்பார். அவர்கள் வந்ததும் அம்மா நீண்ட வரிசையில் நிற்காமல் விரைவு வழியில் போகலாம். பெரும்பாலும் அக்காவும் அம்மாவோடு இரண்டாவது முறை ஏறலாம். இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. வரிசையில் சேரும் முன் ரைட் வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொன்னால் போதும்.

7 வயது தாண்டிய பிள்ளை, தனியாக ஏறுவோருக்கான வரிசையைப் பயன்படுத்தலாம். அது வேகமாக நகரும்.

தள்ளுவண்டி, சாப்பாடு?

ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். 4, 5 வயதுப் பிள்ளையும் மாலையில் "தூக்கு" என்று கை நீட்டும். தள்ளுவண்டி எடுத்துப் போங்கள். 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளம், அதுவே வரம்பு. இழுத்துச் செல்லும் வேகன் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. டயப்பர் மாற்ற, பாலூட்ட, உணவைச் சூடாக்க ஒவ்வொரு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது.

மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம் என்றால் பர்கர், ஹாட் டாக் வாங்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். சோறும் சாம்பாரும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு: அனஹைமிலிருந்து காரில் சுமார் அரை மணி நேரத்தில் ஆர்ட்டீசியா என்ற ஊர். அங்குள்ள பயனியர் சாலை 'லிட்டில் இந்தியா' என்றே அறியப்படுகிறது.

சிங்கப்பூரிலிருந்து உணவுப்பொருள் கொண்டுபோனால் அமெரிக்கச் சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள். இறைச்சி கலந்த உணவுக்கு, அது உடனடி நூடல்ஸ் பாக்கெட்டாக இருந்தாலும், கட்டுப்பாடு உண்டு.

பெரிய பிள்ளை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

"தம்பி சின்னவன்தானே, நீ கொஞ்சம் பொறுத்துக்கோ." ஒரு நாளில் எத்தனை முறை இதைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். தம்பிக்குத் தூக்கம் வந்தால் எல்லாரும் கிளம்புகிறோம். தம்பி அழுதால் வாணவேடிக்கை ரத்து. மூன்றாம் நாளில் பெரிய பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் முகம் சொல்லும்.

இதற்கு ஒரு வழி, நாளைப் பிரிப்பது. காலை பூங்கா திறந்ததும் முதல் 2 மணி நேரம் பெரியவருக்கு. அப்போது வரிசை குறைவு. பெரிய ரைட்களை முடித்துவிடலாம். பிறகு 12 மணி வரை சின்னவருக்கு. மதியம் ஒருவர் குழந்தையுடன் ஹோட்டலுக்குப் போகட்டும், மற்றவர் பெரிய பிள்ளையுடன் பூங்காவிலேயே இருக்கட்டும். அடுத்த நாள் மாறிக்கொள்ளுங்கள். ஒரு மாலை முழுக்க அம்மாவோ அப்பாவோ தனக்கு மட்டும் கிடைப்பது, தம்பி பிறந்த பிறகு அக்காவுக்கு அரிதாகக் கிடைக்கும் ஒன்று.

தாத்தா, பாட்டி வந்தால் கைக்கு உதவிதான். ஆனால் எல்லா மதியமும் அவர்களே குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நாமே முடிவுகட்டக்கூடாது. அவர்களுக்கும் இது விடுமுறை. கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

இப்போதே போகத்தான் வேண்டுமா?

முதலில் பக்கத்தில் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கிறது. கடற்பாலத்தைத் தாண்டினால் ஜொகூரில் லெகோலேண்ட். ஒரு முழு நாள் வெயில், வரிசை, கூட்டம் ஆகியவற்றைச் சின்னவர் எப்படித் தாங்குகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் சுமார் 4 மணி நேரப் பயணம்தான். சிங்கப்பூர் நேரமும் ஹாங்காங் நேரமும் ஒன்று. தூக்கம் கெடாது. தோக்கியோ சுமார் 7 மணி நேரம். ஒரு மணி நேர வித்தியாசம் மட்டுமே.

அமெரிக்காவுக்கு இன்னும் 2 ஆண்டுகள் கழித்துப் போனால் சின்னவருக்கு 4 வயது. 102 செ.மீ. தொட்டிருக்கலாம். ஆனால் பெரியவருக்கு 11 வயது. அடுத்த ஆண்டு தொடக்கநிலை இறுதித் தேர்வு. அப்போதும் மிக்கி மவுஸைப் பார்க்க அதே ஆசை இருக்குமா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

விமானச்சீட்டு விலையைத் தேடும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே உயரத்தையும் அளந்துவிடலாம்.