சுவருக்குள் ஒரு தச்சர்



தச்சரான புனிதர் என்றதும் நம் எல்லாருக்கும் யோசேப்பின் நினைவுதான் வரும். இங்கிலாந்துத் திருஅவையில் இன்னொரு தச்சர் இருக்கிறார். அவருடைய வேலை முழுவதும், யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே செய்த வேலை. அவர் பெயர் நிக்கோலஸ் ஓவன். ஆக்ஸ்ஃபோர்டு நகரத் தச்சர் ஒருவரின் மகன். முறையாகத் தொழில் பழகியவர். ஆள் மிகவும் குட்டை. அதனால் ‘குட்டி ஜான்’ என்பதே கூப்பிடும் பெயர். குடலிறக்க நோய் உண்டு. குதிரை மேலே விழுந்ததால் கால் வேறு ஊனம். இவரைத்தான் எலிசபெத் அரசியின் ஒற்றர்கள் ஆண்டுக்கணக்கில், யாரென்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1585ம் ஆண்டு வந்த சட்டத்தை முதலில் தெரிந்துகொள்வோம். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்துக்குள் வரும் கத்தோலிக்கக் குரு, வந்த ஒரே காரணத்துக்காக அரசத் துரோகி. அவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கும் தூக்குத் தண்டனை உண்டு. அடுத்த ஆண்டே யார்க் நகரில் மார்கரெட் கிளித்தரோ என்ற இல்லத்தரசியின் மேல் கதவுப் பலகையை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார் என்பதே அவர்மீது இருந்த குற்றச்சாட்டு. ஆகவே ஒரு வீட்டில் குரு பிடிபட்டால், சாவு அவரோடு நின்றுவிடாது. சோறு போட்ட அம்மாவுக்கும் அது வரும். குருக்களாகிய நாங்கள் இந்த வரலாற்றைப் படிக்கும்போது எங்களை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான்.

இயேசு சபைத் தலைவர் ஹென்றி கார்னெட்டோடு 1588ம் ஆண்டு வாக்கில் சேர்ந்த ஓவன், ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கத்தோலிக்கக் குடும்பங்களின் பெரிய வீடுகளில் குருக்களுக்கு மறைவிடங்கள் செய்துகொடுத்தார். பகலில் எல்லார் கண்ணெதிரிலும் ஏதாவது சாதாரண மரவேலை நடக்கும். வேலைக்காரர்களும் சந்தேகப்பட மாட்டார்கள். உண்மையான வேலை இரவில், தனி ஆளாக. கனத்த கல் சுவரை உள்ளுக்குள் குடைய வேண்டும், சத்தம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கு முன்னும் நற்கருணை உட்கொள்வார். ஒரு வீட்டில் செய்ததுபோல் இன்னொரு வீட்டில் செய்யமாட்டார். ஒன்று பிடிபட்டால் மற்றதும் பிடிபடும் அல்லவா? படிக்கட்டுக்கு அடியில், கழிப்பிடத்தின் தரைக்கு அடியில், கணப்பு அடுப்புக்கு அடியில் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம்.

தேட வருகிறவர்களும் சாமானியர்கள் அல்லர். கொத்தனாரையும் தச்சரையும் கூட்டி வந்து, அறைக்கு உள்ளே ஓர் அளவு, வெளியே ஓர் அளவு எடுத்து, கணக்கு இடிக்கிற இடத்தில் சுவரை உடைப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள். போய்விட்டதுபோல் நடித்துத் திரும்பி வருவார்கள். 1594ம் ஆண்டு எசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் ஜான் ஜெரார்டு என்ற குரு, சிற்றாலயத்தின் கணப்புக்கு அடியில் நான்கு நாள் ஒளிந்திருந்தார். கையில் ஒன்றிரண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் பழப்பாகும்தான். காவல் இருந்த இருவர் குளிருக்கு அந்தக் கணப்பிலேயே தீ மூட்ட, தணல் அவர் பக்கத்திலேயே வந்து விழுந்தது. அப்போதும் அவர் அகப்படவில்லை.

அதே ஆண்டு லண்டனில் ஓவன் பிடிபட்டார். கைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வார்த்தையும் வரவில்லை. இவர் வெறும் வேலைக்காரர் என்று எண்ணி, பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டு அவகாசத்தில் அவர் இன்னும் எத்தனையோ சுவர்களைக் குடைந்தார்.

1605 நவம்பரில் வெடிமருந்துச் சதி வெளிப்பட்டது. மன்னரையும் பாராளுமன்றத்தையும் ஒன்றாகத் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் கத்தோலிக்கர்கள். இதை நாம் பூசி மெழுக வேண்டாம். நடந்திருந்தால் அது படுகொலை. தந்தை கார்னெட்டுக்கு ஒப்புரவு அருளடையாளத்தின் வழியாக விஷயம் தெரிந்திருந்தது. அந்த முத்திரையை உடைக்க அவரால் முடியாது. ‘பிறகு ஏன் வேறு வழியில் இன்னும் உரக்கத் தடுக்கவில்லை?’ என்று கேட்கிறவர்களை நாம் குறை சொல்ல முடியாது. அவரே அந்த மனவேதனையோடுதான் இறந்தார்.

1606 ஜனவரியில் ஊஸ்டர் பகுதியிலுள்ள ஹிண்ட்லிப் மாளிகையைச் சுமார் நூறு பேர் சூழ்ந்தார்கள். உள்ளே ஒரு மறைவிடத்தில் ஓவனும், ரால்ஃப் ஆஷ்லி என்ற அருள்சகோதரரும் இருந்தார்கள். இன்னொன்றில் தந்தை கார்னெட்டும் தந்தை ஓல்டுகார்னும். பின்னவர்களுக்கு வீட்டுப் பெண்கள் பக்கத்து அறையின் புகைபோக்கி வழியாக ஒரு நாணற்குழாயைச் செருகிக் கஞ்சி ஊற்றினார்கள். ஓவனுக்கும் ஆஷ்லிக்கும் அந்த வசதி இல்லை. இருவருக்கும் சேர்த்து ஓர் ஆப்பிள். நான்காம் நாள் அவர்கள் தாங்களாகவே வெளியே வந்தார்கள். தங்களைக் குருக்கள் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் போய்விடட்டும் என்று எண்ணியிருக்கலாம் என்பார்கள். ஆனால் தேடல் நிற்கவில்லை. சில நாளில் குருக்களும் வெளியே வர நேர்ந்தது. பசியால் அல்ல. கால் நீட்ட இடமில்லாத அந்த அறையில் கழிவுக்கு வழியில்லை, மூச்சு முட்டியது. அந்த ஒரு வசதி மட்டும் இருந்திருந்தால் மூன்று மாதம்கூட இருந்திருப்போம் என்று கார்னெட் பின்னர் எழுதினார்.

இம்முறை ஓவன் யாரென்று அரசுக்குத் தெரிந்துவிட்டது. நாடு முழுவதும் உள்ள மறைவிடங்கள் அந்த ஒரு தலைக்குள் இருந்தன. லண்டன் கோபுரச் சிறையில் குடலிறக்க நோயாளியான அவரை, வயிற்றில் இரும்புத் தகடு கட்டி, நாளுக்கு நாள் தொங்கவிட்டார்கள். மார்ச் 2ம் தேதி வயிறு கிழிந்து இறந்தார். தாமே கத்தியால் குத்திக்கொண்டார் என்று அரசு அறிவித்தது. அந்தக் கைகளால் கத்தியைப் பிடித்திருக்கவே முடியாது என்று ஜெரார்டு எழுதி வைத்தார். ஒரு மறைவிடத்தின் இடமும் அவர் வாயிலிருந்து வரவில்லை. 1970ம் ஆண்டு திருத்தந்தை 6ம் பவுல், இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டு நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராக அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

ஹார்விங்டன் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையின் நூலக அறையில், சுவரோடு சுவராக நிற்கும் ஒரு மரத்தூண் இருக்கிறது. ஒரு முனையைத் தள்ளினால் அச்சில் சுழன்று வழிவிடும். உள்ளே ஓர் ஆள் நுழையலாம். ஓவனின் கைவேலை என்றே பலரும் கருதும் அந்த மறைவிடம், 19ம் நூற்றாண்டின் இறுதியில்தான் வெளியே தெரிய வந்தது, அதுவும் பாழடைந்துபோன அந்த வீட்டில் விளையாடப் போன பிள்ளைகளால்.