டிரான்சியன்ட் டேட்டா க்யூ

ஐபிஎம் மெயின்பிரேமில் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருளில், தரவுப் பதிவுகளை வந்த வரிசையிலேயே சேர்த்து அதே வரிசையில் எடுக்க உதவும் வசதி. சுருக்கமாக டிடிக்யூ. சிஐசிஎஸ் 1969இல் வெளிவந்தது; வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

நிரலாளருக்கு மூன்றே கட்டளைகள் போதும்: ரைட்க்யூ டிடி, ரீட்க்யூ டிடி, டிலீட்க்யூ டிடி. புதிய பதிவு எப்போதும் கடைசியில் சேரும். க்யூவின் பெயர் 4 எழுத்துக்கு மிகாது. அதை முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும். இவ்வகையில் இது, நிரல் ஓடும்போதே உருவாக்கக்கூடிய டெம்பரரி ஸ்டோரேஜ் க்யூவிலிருந்து வேறுபடுகிறது.

டிடிக்யூவில் இரு வகை உண்டு. இன்ட்ராபார்ட்டிஷன் க்யூ சிஐசிஎஸ்ஸுக்குள்ளேயே, ஐபிஎம்மின் விஎஸ்ஏஎம் வகைக் கோப்பு ஒன்றில் இருக்கும். ஒரு பதிவை ஒருமுறை படித்தால் அது மறுபடி கிடைக்காது. க்யூ காலியாக இருக்கும்போது படித்தால் க்யூஜீரோ நிலை எழும். அதைக் கையாளாத நிரல் அபென்ட் ஆகி, அதாவது இயல்புக்கு மாறாக, நின்றுவிடும்.

இவ்வகையின் பெரும்பலம் டிரிகர் லெவல். அதை 50 என வைத்தால், ஐம்பதாவது பதிவு சேர்ந்ததும் குறிப்பிட்ட பரிவர்த்தனையைச் சிஐசிஎஸ் தானே தொடங்கிவைக்கும். அச்சிட வேண்டிய ரசீதுகளைத் தொகுப்பாக அனுப்ப இது கைகொடுக்கிறது.

எக்ஸ்ட்ராபார்ட்டிஷன் க்யூ வெளியிலுள்ள தொடர்வரிசைக் கோப்பைச் சுட்டும். அது உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ மட்டுமே திறக்கப்படும். பகலில் ஆன்லைன் நிரல் எழுதியதை இரவில் பேட்ச் நிரல் படிக்கலாம். டிலீட்க்யூ இங்கே செல்லாது.

பரிவர்த்தனை பாதியில் முறிந்தால், லாஜிக்கல் ரிகவரி கொண்ட இன்ட்ராபார்ட்டிஷன் க்யூ பழைய நிலைக்குத் திரும்பும். எக்ஸ்ட்ராபார்ட்டிஷனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.